ஏரிக்கரையில் பாம்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

(பதில் சொல்பவர், அரசு மருத்துவமனையில் 31 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர்.)

தினமும் காலை ஐந்து மணிக்கு ஏரிக்கரையில் நடப்பேன். போன வாரம் பாதைக்கு நடுவில் ஒரு நல்ல பாம்பு. நான் கத்திக்கொண்டு குதித்தேன், அது படம் எடுத்தது. அன்றிலிருந்து வீட்டுக்காரர் என்னை நடக்க விடுவதில்லை. எனக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. என்ன செய்யட்டும் சிஸ்டர்?
– வாசகி, மதுராந்தகம்

நடப்பதை விட்டுவிடாதீர்கள். நேரத்தை மட்டும் மாற்றுங்கள். ஐந்து மணிக்குக் கரையில் தரையே தெரியாது. ஆறு, ஆறேகால் ஆகட்டும். ரப்பர் செருப்பு வேண்டாம், கணுக்காலை மூடுகிற ஷூ போடுங்கள். கையில் ஒரு கம்பு இருக்கட்டும். அடிப்பதற்கு இல்லை, தரையைத் தட்டிக்கொண்டு நடக்கத்தான். அந்த அதிர்வு பாம்புக்கு எட்டும், பெரும்பாலும் அதுவே ஒதுங்கிப் போய்விடும்.

நல்ல பாம்பு படம் எடுத்தால், 'கிட்டே வராதே' என்று சொல்கிறது என்று அர்த்தம். அப்படியே நின்றுவிடுங்கள். அதன் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் மெதுவாகப் பின்னால் நகருங்கள். ஓர் ஆள் உயரத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் போதும், அது தன் வழியே போய்விடும். அதற்கு வழி விட்டு நில்லுங்கள். கல் எறிவது, செல்போனில் படம் எடுக்கக் குனிவது எல்லாம் வேண்டவே வேண்டாம். பாம்பை அடிக்கப் போய்க் கடிபட்டவர்களுக்கு நானே எத்தனையோ முறை ஊசி போட்டிருக்கிறேன்.

எனக்கு நல்ல பாம்பைவிடக் கண்ணாடி விரியனிடம்தான் பயம் அதிகம். நல்ல பாம்பாவது எழுந்து நின்று எச்சரிக்கும். விரியன் காய்ந்த சருகுக்குள் சருகின் நிறத்திலேயே சுருண்டு கிடக்கும், ஆள் வந்தாலும் சட்டென்று நகராது. குக்கரில் ஆவி சீறுகிற மாதிரி நீளமாக ஒரு சத்தம் கேட்டால், எடுத்த காலை எடுத்த இடத்திலேயே திரும்ப வையுங்கள். சத்தம் எந்தப் பக்கம் என்று தெரிந்த பிறகு நகருங்கள். புல் மண்டிய ஓரத்தில் நடக்காமல் வண்டித்தடத்திலேயே நடப்பதற்கும் இதுதான் காரணம்.

என் அப்பா கழனிக்குப் போகும்போது மடியில் ஒரு கயிறு வைத்திருப்பார், பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்ட. நானும் வாக்கிங் போகையில் வைத்துக்கொள்கிறேன். சரிதானே?
– வாசகர், திண்டிவனம்

அப்பா காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கயிற்றை இன்றோடு எடுத்து வைத்துவிடுங்கள். இறுக்கிக் கட்டிய காலோடு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கட்டுக்குக் கீழே ரத்தம் ஓடாமல் கால் கறுத்திருக்கும். விஷத்திலிருந்து ஆள் பிழைத்து, காலை இழந்த கதை உண்டு. கத்தியால் கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் வேண்டாம். கண்ணாடி விரியன் விஷம் ரத்தத்தை உறைய விடாது. கீறிய இடத்திலிருந்து ரத்தம் நிற்காமல் போகும்.

கயிற்றுக்குப் பதில் சட்டைப்பையில் செல்போன் இருக்கட்டும். கடிபட்டவரை உட்கார வையுங்கள், நடக்க விடாதீர்கள். எலும்பு முறிந்த காலை அசையாமல் பிடிப்போமே, அப்படி அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். பெண்களாக இருந்தால் மெட்டி, கொலுசை முதலில் கழற்றுங்கள். இதை யாரும் நினைப்பதே இல்லை. வீங்கிய காலில் இறுகிய மெட்டியை நான் கட்டரால் வெட்டி எடுத்திருக்கிறேன். அந்த வலியை அந்த அம்மா பட்டிருக்கவே வேண்டாம்.

பாம்பைத் தேடி அடித்து எடுத்துக்கொண்டு வரவும் வேண்டாம். நாங்கள் கொடுக்கிற விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்ந்த ஒரே மருந்து. கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்போம். அது உறையவில்லை என்றால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம் வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும். பாம்பைப் பார்க்காமலே வைத்தியம் நடக்கும்.

அந்த மருந்து எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் 1978-லிருந்து இருக்கிறது. அவர்கள் பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். அந்த விஷத்தை வைத்துத்தான் மருந்து செய்கிறார்கள். 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தபோது, வீட்டில் டி.வி. முன்னால் உட்கார்ந்து நான் அழுதுவிட்டேன்.

பஸ் ஸ்டாப்பிலிருந்து எங்கள் வீடு வரை இருட்டுப் பாதை. ராத்திரி எட்டு மணிக்கு மகள் நடந்து வர வேண்டியிருக்கிறது. வேறு வழியில்லை.
– வாசகி, உத்திரமேரூர்

டார்ச் வாங்கிக் கொடுங்கள். செல்போன் வெளிச்சம் போதாது, அவள் போனில் பேசிக்கொண்டே வந்தால் அதுவும் இருக்காது. ராத்திரியில் நடமாடுகிறது கட்டுவிரியன். அது கடித்தால் எறும்பு கடித்த அளவுக்குக்கூட வலி இல்லாமல் போகலாம், வீக்கமும் வராது. அதுதான் ஆபத்து.

ஒரு மழைக்கால ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பையனை வயிற்று வலி என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். சாயங்காலம் சாப்பிட்ட பரோட்டா சேரவில்லை என்றார் தகப்பன். பையனின் இமை பாதி மூடியே இருந்தது, தூக்கக் கலக்கம் என்றார்கள். டூட்டி டாக்டர் "மேலே பாருப்பா" என்றார். அவனால் இமையைத் தூக்க முடியவில்லை. உடம்பு முழுக்கத் தேடினோம், கடித்த அடையாளமே இல்லை. மருந்தை ஏற்றினோம், ஆனாலும் அரை மணியில் மூச்சு திணறியது. பெரிய மருத்துவமனை போய்ச் சேருகிறவரை ஆம்புலன்சில் நான்தான் கையால் அழுத்தி மூச்சு கொடுக்கிற 'ஆம்பு' பையை அழுத்திக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவன் கை விரல்கூட அசையவில்லை. வென்டிலேட்டரில் நான்கு நாள் இருந்தான். ஐந்தாம் நாள் அம்மாவைக் கூப்பிட்டானாம்.

அதனால் ராத்திரி வெளியே போய் வந்த பிறகு வயிற்று வலி, வாந்தி, இமை தொங்குவது, விழுங்கக் கஷ்டம் என்று எது வந்தாலும், 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று படுத்துவிடாதீர்கள். அப்புறம், வீட்டில் தரையில் பாய் போட்டுப் படுப்பவர்கள் கொசுவலை கட்டி, ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள். கட்டுவிரியன் வீட்டுக்குள்ளும் வரும்.

வரப்பில் இரண்டு பாம்புகள் பின்னிக்கொண்டு எழுந்து ஆடியதைப் பார்த்தேன். சாரையும் நாகமும் சேர்வதாகவும், பார்த்தால் ஆகாது என்றும் பாட்டி சொல்கிறார்.
– வாசகி, செய்யூர்

நாகமும் சாரையும் வேறு வேறு இனம், சேராது. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் சண்டை போட்டதாகத்தான் இருக்கும். சாரைக்கு விஷம் இல்லை, உங்கள் கழனியில் எலி பிடிக்கிற வேலையை அதுதான் செய்கிறது. பாட்டியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அடுத்த முறை அவரையும் கூட்டிப் போய், தள்ளி நின்று காட்டுங்கள்.