டக்ட் ஏன் வியர்க்கிறது?

கேள்வி: கடற்கரைக்குப் பக்கத்தில் எங்கள் சிறு அரங்கில் குளிர்விக்கவும் சூடாக்கவும் செய்யும் ஹீட் பம்ப் வகை டக்ட் ஏ.சி. பொருத்தினோம். மாதம் ஒன்றுகூட ஆகவில்லை, ஃபால்ஸ் சீலிங்கில் ஈரத் திட்டுகள். கேஸ் லீக்கா?
– வாசகர், குளச்சல்

பதில்: கேஸைச் சந்தேகிக்கும் முன் ஒரு சீலிங் பலகையைக் கழற்றி டக்ட்டை, அதாவது குளிர்காற்று ஓடும் தகரக் குழாயை, தடவிப் பாருங்கள். 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருந்தால், 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பும் வியர்க்கும். டக்ட்டுக்குள் ஓடும் காற்றோ சுமார் 14 டிகிரி.

பெரும்பாலும் குற்றவாளி டக்ட்டைத் தாங்கும் கம்பி. தகரத்தை நேரடியாகத் தொட்டால் கம்பியும் குளிர்ந்து, சரியாக அதன் கீழேயே சொட்டும். தாங்கி இன்சுலேஷனுக்கு (டக்ட்டைச் சுற்றிய வெப்பத்தடுப்பு உறைக்கு) வெளியே, மரக்கட்டை வைத்து வர வேண்டும். ஃபிளாஞ்ச் இணைப்புகளுக்கு (டக்ட் துண்டுகள் விளிம்போடு விளிம்பாகச் சேரும் இடங்களுக்கு) முதலில் இடைவெளியை அடைக்கும் சீலன்ட். பிறகு 25 மி.மீ. நைட்ரைல் ரப்பர் இன்சுலேஷன், விளிம்புகள் இடைவெளியின்றி ஒட்டியபடி. மேலே டேப் மட்டும் சுற்றினால் ஈரக்காற்று உள்ளே புகுந்துவிடும்.

வடிகுழாயையும் பாருங்கள்: மீட்டருக்கு 1 செ.மீ. சரிவு, யூனிட் அருகே யூ-டிராப் (தண்ணீர் தேங்கி நிற்கும் யூ வடிவ வளைவு). டிராப் இல்லாவிட்டால் ஃபேன் அந்தக் குழாய் வழியே காற்றை இழுத்துத் தண்ணீரைத் தட்டிலேயே நிறுத்திவிடும்.

உப்புக் காற்று என்பதால் வெளி யூனிட்டின் காயிலை மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். குளச்சலில் சூடாக்கும் வசதிக்கு வேலையே இல்லை. அந்தக் காசில் பூச்சு போட்ட காயில் வாங்கியிருக்கலாம்.