முதுகுக்குக் கீழே முதல் செலவு

கேள்வி: நானும் நண்பரும் செப்டம்பரில் மணாலியிலிருந்து ஹம்ப்தா கணவாய்க்கு நடக்கப் போகிறோம். சாமான் எல்லாம் எங்கள் முதுகில்தான். இரண்டு பேருக்கும் சேர்த்து 30,000 ரூபாய் வைத்திருக்கிறோம். 1.2 கிலோவில் ஒரு டெண்ட் பார்த்தோம், அதற்கே 22,000 போய்விடும். மீதியில் ஸ்லீப்பிங் பேக்கும் அடியில் விரிக்கும் மேட்டும் வாங்கிவிடலாமா? (கோவை வாசகர்)

பதில்: வாங்கிவிடலாம். தூங்கத்தான் முடியாது.

டெண்ட் மழையைத் தடுக்கும், காற்றைத் தடுக்கும். குளிரை அது பெரிதாக ஒன்றும் செய்யாது. வெளியைவிட உள்ளே இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இருந்தாலே அதிகம். கணவாயின் உயரம் சுமார் 4,270 மீட்டர். அதற்கு முந்தைய இரவைப் பெரும்பாலும் 3,600 மீட்டர் வாக்கில் கழிப்பார்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. மணாலியில் இரவு 10 டிகிரி என்றால் அங்கே பூஜ்யத்தை ஒட்டி வந்துவிடும். வானம் தெளிவாக இருந்தால் அதற்கும் கீழே போகும்.

அந்தக் குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்து ஏறுவதுதான் அதிகம். ஸ்லீப்பிங் பேக்கில் நம் உடம்புக்கு அடியில் இருக்கும் பகுதி நசுங்கிப்போகிறது. நசுங்கிய பஞ்சில் காற்று இல்லை, காற்று இல்லாவிட்டால் கதகதப்பும் இல்லை. அங்கே வேலை செய்வது மேட் மட்டும்தான். எனக்கு இது பட்டுத் தெரிந்தது. முதல் இமயப் பயணத்துக்கு, கையகலத்தில் மடிகிறதே என்று மயங்கி மலிவான காற்று மெத்தை ஒன்றை வாங்கிப் போனேன். இரவு இரண்டு மணிக்கு இடுப்பெலும்பு கல்லில் இடித்து விழித்துக்கொண்டேன். வால்வு ஓரத்தில் நூல் மாதிரி ஒரு கீறல். மீதி ராத்திரி முதுகுப்பையைக் காலி செய்து, அதை அடியில் போட்டு உட்கார்ந்தே விடிந்தது.

எனவே முதல் செலவு மேட்டுக்கு. அதன் அட்டையில் ஆர் வேல்யூ என்று ஓர் எண் இருக்கும், தரைக்குளிரை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான அளவு அது. உங்கள் பயணத்துக்கு 3 முதல் 4 வரை வேண்டும். மடக்கும் ஃபோம் மேட் ஒன்று சுமார் 400 கிராம், ஆர் வேல்யூ 2 வாக்கில் வரும். அதற்கு மேல் 2 உள்ள காற்று மேட் ஒன்றைப் போட்டால் இரண்டும் கூட்டி 4 கிடைக்கும். காற்று மேட் ஓட்டையானாலும் ஃபோம் கைவிடாது. ஆர் வேல்யூவே அச்சிடாத காற்று மெத்தை நீச்சல் குளத்துக்குத்தான்.

அடுத்தது ஸ்லீப்பிங் பேக். தூவி எனும் வாத்தின் மென்னிறகு அடைத்ததை வாங்கினால், அதே கதகதப்புக்கு சிந்தெடிக்கைவிட அரை கிலோவாவது குறையும். விலை கூடும், நனைந்தால் ஒன்றுக்கும் உதவாது. கனமான பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை முறுக்கிக் கட்டினால் அந்தக் கவலை பாதி தீரும். '800 ஃபில்' என்று பெரிதாகப் போட்டிருப்பதை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். ஃபில் பவர் என்பது தூவியின் தரம், எத்தனை கிராம் அடைத்திருக்கிறார்கள் என்பது வேறு. 800 தரத்தில் 200 கிராம் அடைத்ததைவிட 650 தரத்தில் 400 கிராம் அடைத்தது நன்றாகவே தாங்கும். கிராம் கணக்கைச் சொல்லாத கடையில் வாங்காதீர்கள்.

கையில் மீதம் இருப்பதற்கு டெண்ட். இரண்டு கிலோ எடையில் இரட்டைச் சுவர் (உள்துணி தனி, மழைத்துணி தனி) உள்ள டெண்ட் உங்களுக்குப் போதும். ஒருவர் துணியையும் மற்றவர் கம்பி, முளைகளையும் எடுத்துக்கொண்டால் தலைக்கு ஒரு கிலோதான். குல்லு பக்கம் ஈரமான பச்சை மலை, கணவாயைத் தாண்டி லாஹௌல் பக்கம் இறங்கினால் வறண்ட கல். ஈரப் பக்கத்தில் ஒற்றைச் சுவர் டெண்டில் படுத்தால் நம் மூச்சே உள்துணியில் முத்து முத்தாகக் கோத்து, காலையில் அசைந்ததும் முகத்தில் சொட்டும். தூவிப் பை வைத்திருப்பவருக்கு அது ஆகாது. நடைக்கம்புகளை நட்டு நிறுத்தும் டெண்ட் எடை குறைவுதான், ஆனால் முளை இறங்கினால்தான் நிற்கும். கூழாங்கல் தரையில் முதல்முறைக்காரர்கள் அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

விளம்பரத்தில் சொல்லும் 1.2 கிலோ எந்த எடை என்றும் கேளுங்கள். முளை, கயிறு, உறை எல்லாவற்றையும் விட்டுவிட்டு 'குறைந்தபட்ச எடை' என்று போடும் வழக்கம் உண்டு. இரண்டு பேர் டெண்ட் என்றால் அகலம் 130 சென்டிமீட்டராவது இருக்கட்டும். மேட் ஒன்று 51 சென்டிமீட்டர் வரும், இரண்டு போட்டால் ஓரத்தில் பூட்ஸுக்குத்தான் இடம்.

30,000-க்குள் இரண்டு நல்ல தூவிப் பை அடங்காது என்று தோன்றினால் பையை மணாலியில் வாடகைக்கு எடுங்கள், மேட்டைச் சொந்தமாக வாங்குங்கள். வாடகைப் பையை உதறி விரித்துப் பத்து நிமிஷம் விடுங்கள். உப்பாமல் சப்பாத்தி மாதிரி கிடந்தால் வேறு கேளுங்கள். ஜிப்பை மேலும் கீழும் இரண்டு தடவை இழுத்துப் பாருங்கள். மோந்தும் பார்க்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை.

கேள்வி: 'மைனஸ் 15 வரை' என்று இணையதளத்தில் போட்டிருந்த ஸ்லீப்பிங் பேக் வாங்கினேன். 3 டிகிரியிலேயே நடுங்கினேன். கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார். (திருச்சி வாசகி)

பதில்: பையின் உள்பக்கம் சின்னச் சீட்டு தைத்திருப்பார்கள், பாருங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் 5, 0, மைனஸ் 15 என்று மூன்று எண்கள் இருக்கின்றன. 5 என்பது கம்ஃபர்ட், பெண்ணுடல் கணக்கில் நிம்மதியாகத் தூங்கக்கூடிய அளவு. 0 என்பது லிமிட், ஆணுடல் கணக்கில் சுருண்டு படுத்துச் சமாளிப்பது. மைனஸ் 15 என்பது எக்ஸ்ட்ரீம், ஆறு மணி நேரம் உயிர் தாங்கும் என்பதோடு சரி. ஐஎஸ்ஓ 23537 தரத்தில் சூடேற்றிய பொம்மையைப் படுக்கவைத்து அளப்பது இப்படித்தான். பொம்மைக்கும் உள்ளாடை, காலுறை மாட்டி, அடியில் மேட் போட்டுத்தான் சோதிக்கிறார்கள். ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது கம்ஃபர்ட் எண்ணை மட்டும்.

மைனஸ் 15 என்ன அளவு என்று சொல்லாமல் விளம்பரத்தில் போட்டது தவறான விளம்பரம் என்று வாதாட இடம் இருக்கிறது. அந்தப் பக்கத்தை அவர்கள் மாற்றுவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்வு காண வேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை.

கேள்வி: யோகா மேட் போதாதா? (பெயர் வேண்டாம் என்கிறார்)

பதில்: போதாது. கனம், மெல்லிசு, குளிரும் ஏறும்.

கேள்வி: இரண்டு வருஷம் பரணில் இருந்த டெண்டைப் பிரித்தால் உள்ளே பிசுபிசுவென்று ஒட்டுகிறது, வாந்தி நாற்றம் அடிக்கிறது. தயாரிப்புக் குறையா? (சென்னை வாசகர்)

பதில்: குறை பெரும்பாலும் பரணில்தான். துணியின் உள்பக்கம் பூசிய பாலியூரிதேன் ஈரத்திலும் சூட்டிலும் சிதைகிறது. சென்னைப் பரணில் இரண்டும் தாராளம். சிலிகான் பூசிய துணிக்கு இந்த வியாதி கிடையாது, அடுத்த முறை அதைக் கேட்டு வாங்குங்கள். எதுவானாலும் காயவைத்து, தளர்வாக, பீரோவில் வையுங்கள். ஸ்லீப்பிங் பேக்கை அதன் குட்டி உறையில் திணித்து வைக்காமல் பழைய வேட்டியில் மூட்டையாகக் கட்டிவைத்தால் தூவி நசுங்காது.

கேள்வி: புது டெண்டை மேகமலையில் ஓர் இரவு போட்டுப் பழகலாமா? (தேனி வாசகர்)

பதில்: அனுமதியில்லாமல் காட்டுக்குள் தங்கினால் வனத்துறை வழக்குதான் மிஞ்சும். குரங்கணி தீ விபத்து நடந்த 2018-லேயே மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்துவிட்டன. பழக உங்கள் மொட்டை மாடி போதும். முளைக்குப் பதில் செங்கல்லில் கயிறு கட்டுங்கள். நண்பரை இரண்டு வாளித் தண்ணீர் மேலே ஊற்றச் சொல்லிவிட்டு, டார்ச்சோடு உள்ளே உட்கார்ந்து தையல் ஓரங்களைப் பாருங்கள். கசிந்தால் மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் பில்லோடு கடைக்குப் போங்கள்.