வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: சினைப்பைப் புற்றுநோயும் ஒட்டுப் புரதங்களும்

கேள்வி: என் அக்காவுக்குச் சினைப்பைப் புற்றுநோய் என்று தெரிய வந்தபோதே, அது வயிற்றுக்குள் பல இடங்களில் பரவிவிட்டது என்றார்கள். இதற்குச் செல்களின் ஒட்டுப் புரதங்கள் ஒரு காரணம் என்று பிறகு படித்தேன். ஒட்டவைக்கும் புரதம் பரவலுக்கு எப்படிக் காரணமாகும்?

பதில்: பெரும்பாலான புற்றுநோய்கள் தொலைவிலுள்ள உறுப்பை அடைய இரத்தக்குழாய்க்குள் புகுந்தாக வேண்டும். சினைப்பைப் புற்றுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சினைப்பை வயிற்றறைக்குள் நேரடியாகத் திறந்த நிலையில் இருக்கிறது. இந்நோயின் மிகப் பரவலான, வேகமாக வளரும் வகை உண்மையில் தொடங்குவதாக இன்று கருதப்படும் கருக்குழாயின் நுனியும் அதே அறைக்குள்தான் திறக்கிறது. எனவே கட்டியிலிருந்து உதிரும் செல்கள் வயிற்று நீரில் மிதந்து, மூச்சும் குடல் அசைவும் அந்நீரை நகர்த்தும் வழியே உதரவிதானத்தின் அடிப்பரப்பு வரை செல்கின்றன.

ஆனால் உதிர்ந்தால் மட்டும் போதாது. பற்றுக்கோடு இழந்த இயல்பான செல் விரைவில் தானாகவே மடிந்துவிடும். புற்றுச் செல்கள் கேட்ஹெரின் போன்ற புரதங்களால் ஒன்றையொன்று பற்றிச் சிறு உருண்டைகளாகத் திரண்டு அந்த மரணத்திலிருந்து தப்புகின்றன. உருண்டையின் உட்பகுதியில் உள்ளவற்றை மருந்தும் எளிதில் எட்டுவதில்லை. அடுத்த கட்டம் கரையேறுவது. வயிற்றறையின் உட்சுவரை ஒற்றை அடுக்குச் செல்கள் மூடியிருக்க, அவற்றுக்குக் கீழே ஃபைப்ரோனெக்டின், கொலாஜன் என்னும் நார்ப் புரதங்கள் இருக்கின்றன. புற்றுச் செல்லின் மேற்பரப்பிலுள்ள சிடி44 என்னும் புரதம், மூடுபடலச் செல்களைச் சூழ்ந்திருக்கும் ஹயலூரோனான் என்னும் சர்க்கரைச் சங்கிலியைப் பிடித்துக்கொள்கிறது. இன்டெக்ரின் புரதங்கள் ஃபைப்ரோனெக்டினைப் பற்றி இழுக்கின்றன. அந்த இழுவிசையால் மூடுபடலச் செல்கள் விலகிக்கொடுக்க, உருண்டை அந்த இடத்தில் அமர்ந்துவிடுகிறது. குடலின் முன்னால் திரைபோல் தொங்கும் ஓமெண்டம் என்னும் கொழுப்புப் படலம் முதலில் பாதிக்கப்படும் இடங்களுள் ஒன்றாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்குள்ள கொழுப்புச் செல்கள் புற்றுச் செல்களை ஈர்ப்பதோடு, தங்கள் கொழுப்பு அமிலங்களை அவற்றுக்கு எரிபொருளாகவும் தருகின்றன என்று 2011-இல் ஓர் ஆய்வு காட்டியது.

இடமும் பிடிமானமும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு, இத்துறையில் எனக்கு எப்போதும் வியப்பூட்டும் ஒரு சான்றைச் சொல்கிறேன். புற்றுநோயால் வயிற்றில் நீர் கோத்து அவதிப்பட்ட சிலருக்கு, அந்நீரை நேராகச் சிரை இரத்தத்தில் கொண்டு சேர்க்கும் குழாய் முன்பு பொருத்தப்பட்டது. உயிருள்ள புற்றுச் செல்கள் நாள்தோறும் பெருமளவில் இரத்தத்தில் கலந்தும், அவர்களில் பலருக்கு மற்ற உறுப்புகளில் புதிய கட்டிகள் தோன்றவில்லை என்று 1984-இல் வெளிவந்த ஆய்வு பதிவு செய்தது. நிணநீர்க் கணுக்களுக்கும் நுரையீரலுறைக்கும் இந்நோய் செல்வதுண்டு. இரத்த வழியையும் அடியோடு தள்ளிவிட முடியாது. ஆயினும் அக்காவுக்கு நேர்ந்ததுபோல் வயிற்றறைக்குள் பரவுவதே இந்நோயின் முதன்மையான வழி.

கேள்வி: ஈ-கேட்ஹெரின் குறைந்தால் புற்றுநோய் பரவும் என்று உயிரியல் வகுப்பில் படித்தோம். சினைப்பையில் இது தலைகீழாக நடக்கும் என்கிறார்களே, சரியா?

பதில்: பாதி சரி. ஈ, என் என்பவை கேட்ஹெரினின் இரு வகைகள். இயல்பான சினைப்பையின் மேற்பரப்புச் செல்களில் என்-கேட்ஹெரின்தான் முதன்மையானது. ஈ-கேட்ஹெரின் மிகக் குறைவு. ஆனால் அங்கு உருவாகும் கட்டிகளில் ஈ-கேட்ஹெரின் தெளிவாகக் காணப்படுகிறது. புற்றாக மாறும்போது இப்புரதம் கூடுவது விந்தையாகத் தோன்றியதால்தான் 'தலைகீழ்' என்ற பேச்சு எழுந்தது. என் கருத்தில் அந்த விந்தையில் ஒரு பகுதி, ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட திசுவால் வந்தது: பல கட்டிகளின் பிறப்பிடம் கருக்குழாய் என்றால், அங்குள்ள மேற்படலத்தில் ஈ-கேட்ஹெரின் முதலிலிருந்தே இருக்கிறதே. நோய் முற்றும்போது பல கட்டிகளில் இப்புரதம் குறைவதும் உண்மை. அது குறையும்போது ஃபைப்ரோனெக்டினைப் பற்றும் ஆல்ஃபா-5 இன்டெக்ரின் கூடுவதாக 2008-இல் ஆய்வகச் சோதனை ஒன்று காட்டியது. அதாவது செல் தன் பக்கத்துச் செல்லை விட்டுவிட்டு, சுவரைப் பிடிக்கத் தயாராகிறது. ஒரே புற்றுக்கு உதிர்வதற்குத் தளர்ச்சியும், மிதப்பதற்கு நெருக்கமும், அமர்வதற்குப் புதிய பிடியும் தேவைப்படுவதால், 'கூடியது', 'குறைந்தது' என்று ஒற்றை வரியில் விதி எழுத இயலாது.

கேள்வி: இந்நோய்க்கான இரத்தப் பரிசோதனையில் பார்க்கும் சிஏ-125 அளவு கூடினால் செல்கள் அதிகமாக ஒட்டுகின்றன என்று பொருளா?

பதில்: இல்லை. ராபர்ட் பாஸ்ட் குழுவினர் 1981-இல் அறிவித்த ஓர் எதிர்ப்புரதத்தின் வழியே அறியப்பட்ட சிஏ-125, மியூசின்-16 என்னும் பெரும் புரதத்தின் பகுதி. மூடுபடலச் செல்களின் மீசோதெலின் புரதத்தோடு அது இணையக்கூடியது என்பது 2004-இல் தெரியவந்ததால், ஒட்டுதலில் அதற்குப் பங்குண்டு. இரத்தத்தில் நாம் அளப்பது கழன்று வந்த துண்டுகளை. அந்த எண் ஒட்டுதலின் அளவுகோல் ஆகாது. மாதவிடாய், கர்ப்பம், கருப்பை உட்படலத் திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் ஆகியவற்றிலும் அது கூடும். நோயறிகுறி இல்லாத பெண்களிடம் முன்கூட்டியே கண்டறியவும் அது உதவவில்லை: பிரிட்டனில் சுமார் 2 லட்சம் பெண்களிடம் நடந்த சோதனையின் நீண்டகால முடிவு 2021-இல் வெளிவந்தபோது, சிஏ-125, ஸ்கேன் பரிசோதனைகளால் இறப்பு குறையவில்லை என்றே தெரிந்தது. சிகிச்சை பெறுபவரின் போக்கைக் கண்காணிக்க அது பயனுள்ளது.

கேள்வி: இந்தப் புரதங்களை மருந்தால் தடுத்துவிட முடியாதா?

பதில்: முயன்றிருக்கிறார்கள். ஆல்ஃபா-5 பீட்டா-1 இன்டெக்ரினைத் தடுக்கும் வோலோசிக்சிமாப், கார்போபிளாட்டின் போன்ற பிளாட்டினம் மருந்துகளுக்குக் கட்டுப்படாத நோயாளிகளிடம் தனியாகக் கொடுக்கப்பட்டபோது போதிய பலன் தரவில்லை. ஒரு பிடியை அடைத்தால் செல் வேறொரு பிடியைப் பயன்படுத்தும் என்பதும், நோய் கண்டறியப்படும்போது ஒட்டுதல் பெரும்பாலும் முடிந்துபோயிருக்கும் என்பதும் இதற்கு நான் காணும் காரணங்கள். எப்-கேம் என்னும் ஒட்டுப் புரதத்தை வேறுவிதமாகப் பயன்படுத்தியது கேட்டுமாக்சோமாப்: அது ஒட்டுதலைத் தடுப்பதை நோக்கமாகக் கொள்ளாமல், அப்புரதத்தை அடையாளமாக வைத்து நோய் எதிர்ப்புச் செல்களை அழைத்துவருகிறது. புற்றுநோயால் வயிற்றில் சேரும் நீருக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் இதற்கு ஒப்புதல் அளித்தது. 2017-இல் அந்த ஒப்புதல் விலக்கிக்கொள்ளப்பட்டது. உங்கள் மருத்துவர் அறுவை சிகிச்சையையும், கார்போபிளாட்டின், பாக்ளிடாக்ஸெல் மருந்துகளையும் பரிந்துரைத்தால், அது பழைய முறையாயிற்றே என்று தயங்க வேண்டாம். வேரூன்றிவிட்ட கட்டிகளை அகற்றவும் அழிக்கவும் இன்றும் அவையே அடிப்படைச் சிகிச்சை.