ஹோட்டல் மேலாண்மைச் சான்றிதழுக்காக அம்மாவின் சங்கிலியை அடகு வைக்கலாமா?

கேள்வி: மும்பை தாராவியில் பெற்றோருடன் வசிக்கிறேன். வயது 26. பிளஸ் டூ முடித்திருக்கிறேன். அந்தேரியில் ஒரு நட்சத்திர ஹோட்டலின் வரவேற்புப் பிரிவில் நிரந்தர வேலை. சேர்ந்து 4 ஆண்டு 2 மாதம் ஆகிறது. கைக்கு மாதம் 24,000 ரூபாய் வருகிறது; அதில் அடிப்படைச் சம்பளம் 12,000. ஒரு தனியார் நிறுவனத்தில் 11 மாத ஹோட்டல் மேலாண்மைச் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. கட்டணம் 2 லட்சம், ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. முழுநேர வகுப்பு என்பதால் வேலையை விட வேண்டும். முடித்தால் 30,000 ரூபாய் சம்பளம் கிடைக்கும், வாங்கும் கடனுக்கு வரிச் சலுகையும் உண்டு என்கிறார்கள். அம்மா தன் இரட்டை வடச் சங்கிலியை அடகு வைத்துக்கொள்ளச் சொல்கிறார். சேரலாமா?

பதில்: சங்கிலி பீரோவிலேயே இருக்கட்டும், சகோதரி. மேலே படிக்க வேண்டும் என்ற உங்கள் எண்ணம் நல்லது, அதை விடாதீர்கள். ஆனால் இந்தப் படிப்பு, இந்த விலைக்கு, இப்போது வேண்டாம்.

'ஜிஎஸ்டி தனி' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். சட்டப்படி அங்கீகாரம் பெற்ற பட்டம், பட்டயம் போன்றவற்றுக்கான பாடத்தை நடத்தும் கல்வி நிறுவனம் மாணவரிடம் வாங்கும் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. மற்ற தனியார் பயிற்சிகளுக்கு 18 சதவீதம் உண்டு. ஆகவே ரசீதில் அந்த வரி ஏறினால், சான்றிதழுக்குப் பின்னால் பல்கலைக்கழகமோ அரசு வாரியமோ இல்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். பாடம் நன்றாகவே நடத்துவார்களாக இருக்கும். ஆனால் 'பட்டதாரி தேவை' என்று கேட்கும் இடத்தில் அந்தத் தாள் எடுபடாது. உங்கள் ஊரிலேயே, தாதரில், 1954 முதல் இயங்கும் அரசு ஹோட்டல் மேலாண்மைக் கல்லூரி தரும் பட்டத்தோடு அதை யாரும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்க மாட்டார்கள்.

இப்போது கணக்கு. கட்டணம் வரியோடு 2,36,000 ரூபாய். 11 மாதம் வராமல் போகும் சம்பளம் 2,64,000. இரண்டும் சேர்ந்து சரியாக 5 லட்சம். அடகு வட்டி இதற்கு மேல். நிறுவனத்தின் விளம்பரத்தாளில் இரண்டாவது தொகை இருக்காது, ஆனால் வீட்டு வாடகைக்கும் மளிகைக்கும் அதுதான் போகிறது. அவர்கள் சொல்லும் 30,000 அப்படியே கிடைத்தாலும் கூடுதல் வருமானம் மாதம் 6,000தான். போட்ட பணம் திரும்ப 83 மாதம், ஏறத்தாழ ஏழு ஆண்டு ஆகும். அதற்குள், இருக்கும் இடத்திலேயே உங்களுக்குச் சம்பள உயர்வு வந்திருக்காதா?

இன்னொன்றை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். நிரந்தரப் பணியாளர் ராஜினாமா செய்யும்போது கிராஜுவிட்டி என்னும் பணிக்கொடை பெற, பொதுவாக 5 ஆண்டு தொடர்ச்சியாக வேலை பார்த்திருக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் பத்து மாதம் பாக்கி. அடிப்படைச் சம்பளம் 12,000 என்றால், அதை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, ஐந்து ஆண்டுக்குக் கணக்கிட்டால் சுமார் 34,600 ரூபாய். எந்தப் படிப்பானாலும் சரி, அந்தத் தேதிக்கு முன்னால் ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள்.

வரிச் சலுகை உங்களுக்குப் பொருந்தாது. ஆண்டுக்கு 2,88,000 ரூபாய் சம்பளத்துக்கு நீங்கள் வருமான வரியே கட்ட வேண்டியதில்லை. பிறகு எதில் கழிப்பது? கல்விக்கடன் வட்டிக்கான வரிக்கழிவும் நகைக்கடன் வட்டிக்குப் பொருந்தாது.

உங்களுக்குக் குறைவது பட்டம் என்று நினைக்கிறேன். இக்னோ என்னும் இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சுற்றுலாத் துறைக்கான இளநிலைப் பட்டப்படிப்பை வேலையில் இருந்துகொண்டே தொலைதூரக் கல்வியாகப் படிக்கலாம். இன்றிலிருந்து மாதம் 5,000 ரூபாயைத் தொடர் வைப்பில் போட்டு வாருங்கள். ஓராண்டில் கையில் 60,000 ரூபாயும் வட்டியும் இருக்கும். யாரிடமும் கைநீட்டாமல் படிப்புச் செலவைப் பார்க்கலாம்.

கூடவே, இரவு ஷிஃப்டில் நைட் ஆடிட் கற்றுத்தரும்படி உங்கள் மேலாளரிடம் கேளுங்கள். ஊர் உறங்கும் நேரத்தில் ஒவ்வொரு அறையின் வாடகையையும் பதிவேற்றி, கார்டு இயந்திரச் சீட்டுகளை பில்லோடு ஒத்துப்பார்த்து, அன்றைய கணக்கை முடிக்கும் வேலை அது. அதைக் கற்றவருக்கு அறை விலை, வரவு, பாக்கி எல்லாம் விரல்நுனியில் இருக்கும். 2 லட்சம் கொடுத்து வகுப்பில் கேட்கப்போவதில் ஒரு பெரிய பங்கை, சம்பளம் வாங்கிக்கொண்டே கற்கலாம்.

மாலை நேர வகுப்பு இருந்தால் நான் கொஞ்சம் இறங்கி வருவேன். அப்போது செலவு 2,36,000தான். அப்படியும் பணம் திரும்ப மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும். அதனால் சேரும் முன் உங்கள் ஹோட்டலின் மனிதவளப் பிரிவில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கடந்த இரண்டு ஆண்டுகளில் டியூட்டி மேனேஜராக உயர்ந்தவர்கள் என்ன படித்திருந்தார்கள்? வரும் பதிலை எனக்கு எழுதுங்கள்.