‘ஃபயர் மார்ஷல்’ என் கடைக்குச் சீல் வைக்க முடியுமா?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வணிக வளாகத்தின் முதல் மாடியில் வாடகைக்கு ஜவுளிக்கடை நடத்துகிறேன். வளாகத்தின் காவல் பணிக்கு அமர்த்தப்பட்ட தனியார் நிறுவனத்தின் ‘ஃபயர் மார்ஷல்’ ஒருவர், படிக்கட்டில் புடவைக் கட்டுகள் அடுக்கியிருப்பதைக் காட்டி, ஆய்வுக் கட்டணமாக 5,000 ரூபாய் தராவிட்டால் கடைக்குச் சீல் வைப்பேன் என்கிறார். அவருக்கு அந்த அதிகாரம் உண்டா?

பதில்: இல்லை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் ‘ஃபயர் மார்ஷல்’ என்பது சட்டம் உருவாக்கிய அரசுப் பதவி. கட்டடங்களை ஆய்வு செய்வதும் தீ விபத்துக்கான காரணத்தை விசாரிப்பதும் அவர் பணி. நம் ஊரில் காவல் நிறுவனங்கள் அந்தப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டன. 1985-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டம் தரும் அதிகாரம் தீயணைப்புத் துறைக்கும் அதன் அலுவலர்களுக்கும் உரியது. நாக்பூரிலுள்ள தேசிய தீயணைப்புக் கல்லூரியில் பயின்றவராகவே உங்கள் வளாகத்து ‘மார்ஷல்’ இருந்தாலும், அந்தப் பயிற்சி அவரைத் தகுதியுள்ள ஊழியராக்குமே தவிர, அரசு அலுவலராக்காது.

எனவே பணம் தராதீர்கள். ஆய்வுக்கு யார் வந்தாலும் அடையாள அட்டையையும் எழுத்துமூலமான உத்தரவையும் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் தீயணைப்பு நிலையத்துக்கே நேரில் சென்று விசாரியுங்கள். அரசு அலுவலர் என்று பொய் சொல்லி மிரட்டினால், அது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 204-வது பிரிவின்படி குற்றம். காவல் நிலையத்தில் எழுத்துமூலமாகப் புகார் கொடுக்கலாம். ஆனால் தீயணைப்புத் துறையின் அலுவலர் முறையாக வந்தால் நிலைமை வேறு. தீ ஆபத்துள்ள இடங்களில் தடுப்பு நடவடிக்கை எடுக்கச் சொல்ல தீயணைப்புப் பணிச் சட்டத்தின் 13-வது பிரிவு வழி செய்கிறது. அவர் தரும் நோட்டீஸை வாங்கி, குறித்த நாளுக்குள் பதில் தாருங்கள். தீப்பற்றும் நேரத்திலோ, தீயை அணைப்பதற்காகப் பூட்டை உடைத்து உள்ளே நுழையவும் தெருவை அடைக்கவும் தீயணைப்பு வீரர்களுக்கு உரிமை உண்டு. அப்போது உங்கள் சம்மதத்துக்காக அவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. அந்த மனிதர் பணம் கேட்டது தவறு. படிக்கட்டைப் பற்றிச் சொன்னது சரி. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகளை இழந்தோம்; அங்கே இருந்ததும் குறுகலான மாடிப்படிதான். பாலிதீன் சுற்றிய புடவைக் கட்டில் பொறி விழுந்தால், சில நிமிடங்களில் படிக்கட்டு முழுக்கப் புகை மூடிவிடும். மேலே இருக்கும் உங்கள் விற்பனைப் பெண்கள் எந்த வழியாக இறங்குவார்கள்? இன்றிரவு கடை அடைக்கும் முன்பே அவற்றை அப்புறப்படுத்துங்கள். சரக்கு வைக்க இடம் போதவில்லை என்றால், கிடங்குக்குத் தனி இடம் கேட்டு வளாக உரிமையாளருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, அதன் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள்.