வார்னிஷ் மேல் மில்க் பெயின்ட் ஏன் உரிகிறது?

வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டுப் பழைய அலமாரியில் அடித்த மில்க் பெயின்ட் செதில் செதிலாக உரிவதாகக் கேட்டிருக்கிறீர்கள். குற்றவாளி அடியில் உள்ள வார்னிஷ்தான். கேசினும் (பால் புரதம்) சுண்ணாம்பும் சேர்ந்த இந்தப் பூச்சு, மரம் உறிஞ்சினால்தான் பிடிக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் உரியும்.

உரிந்ததைச் சுரண்டி, 120 எண் உப்புத்தாளால் தேய்த்துத் துடையுங்கள். மில்க் பெயின்ட் தூளும் தண்ணீரும் சம அளவு கலக்கி 15 நிமிடம் ஊறவிட்டு, முதல் கோட்டில் மட்டும் பாண்டிங் ஏஜென்ட் (பிடிப்பைக் கூட்டும் திரவம்) சேருங்கள். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். வைத்திருந்தால் கெட்டுப்போகும், இது பால் சமாசாரம்.

வாங்கும்போது தூளா என்று பாருங்கள். அதே பெயரில் டப்பாவில் திரவமாக வருபவற்றில் பல அக்ரிலிக், அதாவது பிளாஸ்டிக் வகைப் பெயின்ட். சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் பிரித்த பையை அப்படியே வைக்காதீர்கள், ஈரம் இழுத்தால் தூள் கட்டியாகிப் பிடிப்பு போய்விடும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு இறுக்கமான டப்பாவில் போடுங்கள்.