சோஃபியோட ஆறாவது விரல்

வணக்கம் சார்,

'தி கிரிசலிட்ஸ்' படிச்சு முடிச்சு நாலு நாளாச்சு, மனசே சரியில்ல. டேவிட், ரோசலிண்ட், பெட்ரா மூணு பேரும் தப்பிச்சுட்டாங்க, சந்தோஷப்படணும்தான். ஆனா காப்பாத்த வந்த அந்த சீலாண்ட் பொம்பள துரத்தி வந்தவங்க, ஃப்ரிஞ்சஸ் காட்டு ஜனங்கன்னு ரெண்டு பக்கத்து ஆளுங்களையும் மொத்தமா கொன்னுட்டு, எங்க இனம்தான் இனிமே வாழணும்ங்கற மாதிரி பேசினதும் தூக்கிவாரிப் போட்டுச்சு. இது நம்பிக்கை குடுக்கற நாவலா, விடிவே இல்லன்னு சொல்ற நாவலா? சோஃபிய நெனச்சு அழுதுட்டேன்.

- ஒரு வாசகி

அன்புள்ள தோழிக்கு,

பேர் போட வேண்டாம்னு கேட்டிருந்தீங்க, எடுத்துட்டேன். படிக்காதவங்களுக்காக கொஞ்சம் கதை சொல்லிடறேன். ஜான் விண்டம் 1955ல எழுதினது. அணு யுத்தம் முடிஞ்சு பல நூறு வருஷம் கழிச்சு, கனடாவோட லாப்ரடார்ல வாக்னுக்னு ஒரு ஊர். உடம்புல ஒரு விரல் கூடுதலா இருந்தாலும் அது மனுஷப் பிறவியே இல்ல, குழந்தை பொறந்தா இன்ஸ்பெக்டர் வந்து பாத்து சர்டிஃபிகேட் குடுக்கணும், மறைச்சு வளத்து பின்னாடி மாட்டினா கருத்தடை பண்ணி ஃப்ரிஞ்சஸ்ங்கற காட்டுப் பக்கம் துரத்திடுவாங்க. சோஃபிக்கு கால்ல ஆறு விரல். டேவிடுக்கு வெளிய பாத்தா ஒரு குறையும் தெரியாது, ஆனா வாயத் தொறக்காமலே மனசுக்கு மனசு பேசுவான், ரோசலிண்டும் தங்கச்சி பெட்ராவும் அப்படித்தான். கடைசில, இதே மாதிரி மனசால பேசற ஜனங்க இருக்கற சீலாண்ட்ங்கற தூர தேசத்துல இருந்து ஒரு பொம்பள பறக்கற மெஷின்ல வந்து இவங்கள கூட்டிட்டுப் போறாங்க.

அந்த கடைசி அத்தியாயம் எனக்கும் பிடிக்கல, அத மறைக்க மாட்டேன். எங்கள மாதிரி இல்லாதது வாழக்கூடாதுன்னு டேவிடோட அப்பா பேசின அதே பேச்சத்தான் சீலாண்ட் பொம்பள வேற வார்த்தைல பேசறாங்க, ஆசிரியர் அவங்கள ரொம்ப நேரம் பேச விட்டுட்டார்னுதான் நான் நெனைக்கறேன், அது நாவலோட குறை. அதனால நம்பிக்கைய அந்த பறக்கற மெஷின்ல தேடாதீங்க.

டேவிடோட ஹாரியட் சித்தி வர்ற இடத்த திரும்பப் படிங்க. அவங்களுக்கு இது மூணாவது குழந்தை, முன்னாடி ரெண்டையும் இதே மாதிரி பறிகுடுத்தாச்சு, இதுக்கும் ஏதோ சின்ன குறை, அக்காவுக்கும், அதாவது டேவிடோட அம்மாவுக்கும், இப்பத்தான் பெட்ரா பொறந்து சர்டிஃபிகேட்டும் கைக்கு வந்திருக்கு, கொஞ்ச நாளைக்கு உன் குழந்தைய குடு இன்ஸ்பெக்டர்கிட்ட காட்டிட்டு திருப்பித் தந்துடறேன்னு கெஞ்சறாங்க. கூடப் பொறந்தவளே மாட்டேங்கறா. டேவிடோட அப்பா போய் பிரார்த்தனை பண்ணுங்கறார். பண்ணத்தான் போறேன், ஆனா இந்த உலகத்துக்கு இரக்கம் வரணும்னு பண்ணப் போறேன்னு அர்த்தத்துல சொல்லிட்டுக் கிளம்பறாங்க. அப்புறம் ஆத்துல பொணமா கெடைக்கறாங்க. நாவலோட மொத்த இருட்டும் எனக்கு இந்த ஒரு சீன்லதான் இருக்கு. ஆனா பாருங்க, ஹாரியட்டுக்கோ, சோஃபியோட அப்பா அம்மாவுக்கோ, டேவிடோட ரகசியத்த காப்பாத்தற ஆக்சல் மாமாவுக்கோ பிறவில ஒரு குறையும் கெடையாது, ஒதுங்கி நின்னிருந்தா நிம்மதியா வாழ்ந்திருக்கலாம், நிக்கல. சோஃபி அம்மா டேவிட்ங்கற ஒரு சின்னப் பையன நம்பி தன் குழந்தையோட உயிரையே அவன் கைல குடுக்கறாங்களே, நான் நம்பிக்கைன்னு சொல்றது அதத்தான்.

சோஃபிக்காக அழுததா எழுதியிருந்தீங்க. அவள ஃப்ரிஞ்சஸ்க்கு அனுப்பறதுக்கு முன்னாடி குழந்தை பொறக்காம பண்ணிடறாங்க இல்லையா, அது கற்பனை கெடையாது. கனடாவோட ஆல்பெர்ட்டா மாகாணத்துல 1928ல இருந்து 1972 வரைக்கும் இதுக்குன்னே சட்டம் இருந்துச்சு, 2800க்கும் மேல ஆளுங்களுக்கு பண்ணியிருக்காங்க. லீலானி மியூர்னு ஒரு பொண்ணு. இந்த நாவல் வந்த அதே 1955ல, பதினோரு வயசு முடியற நேரத்துல, மூளை வளர்ச்சி இல்லாதவங்களுக்கான விடுதில கொண்டு போய் விட்டாங்க. அவங்களுக்கு அப்படி எதுவும் இல்ல. 1959ல அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன்னு பொய் சொல்லி கருத்தடை பண்ணிட்டாங்க. கல்யாணம் ஆகி குழந்தை தங்காம டாக்டர்கிட்ட போனப்பதான் அவங்களுக்கே விஷயம் தெரிஞ்சுது. அவங்கள காப்பாத்த எந்த மெஷினும் வரல. அரசாங்கத்து மேல கேஸ் போட்டு, நடந்ததெல்லாம் கோர்ட்ல தன் வாயாலயே சொல்லி, 1996ல ஜெயிச்சாங்க. அத பாத்து நூத்துக்கணக்கான பேர் கேஸ் போட்டாங்க. 1998ல இப்படி கேஸ் போட்டவங்களுக்கு குடுக்க வேண்டிய இழப்பீட்டுக்கு வரம்பு கட்ட மாகாண அரசு மசோதா கொண்டு வந்துச்சு, உடம்புல யாரும் கத்தி வைக்காத சாதாரண ஜனங்களும் சேர்ந்து கொதிச்சதுல அத உடனே வாபஸ் வாங்க வேண்டியதாயிடுச்சு.